காவடிக் கூட்டத்துக்கு ஜோல் ஏஇடி பிளஸ் ஏற்றதா?

தைப்பூசத்துக்குக் கூட்டம் நெரியும் கிளேர்வுட் சிவ சுப்பிரமணியர் கோயில் போன்ற தென்னாப்பிரிக்க டர்பன் நகரக் கோயில்களுக்கு ஒரு டிஃபிப்ரிலேட்டர் (தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி) வேண்டுமென்றால், ஜோல் ஏஇடி பிளஸ் வாங்கலாம். ஷாக் கொடுப்பது எல்லா ஏஇடியும், அதாவது தானியங்கி டிஃபிப்ரிலேட்டரும், செய்யும் வேலை. இது மார்பை அழுத்தும் கையையும் கவனிக்கிறது, அதுதான் விசேஷம்.

ஷாக் கொடுக்க மார்பில் ஒட்டும் பேட் ஒரே துண்டாக வருகிறது. நடுவிலுள்ள சென்சாரை நெஞ்செலும்பின் மேல் வைத்தால் ஒரு பேட் வலது காறையெலும்புக்குக் கீழேயும், மற்றது இடது விலாப்பக்கமும் போய் அமரும். பருத்த உடம்பென்றால் கீழ்ப் பேடைப் பிரித்துத் தள்ளி ஒட்டலாம். அழுத்தத் தொடங்கியதும் தாளம் ஒலிக்கும். ஆழம் 5 செ.மீ. எட்டாவிட்டால் இன்னும் அழுத்தச் சொல்லும். மெத்தை மேல் மட்டும் கிடத்தாதீர்கள். மெத்தை அமுங்குவதையும் மார்பு அமுங்கியதாகவே அது கணக்குப் போடும். உறுமிச் சத்தத்தில் குரல் கேட்காவிட்டால் திரையில் எழுத்து ஓடும்.

காவடி எடுத்தவரின் மார்பில் பாலும் வேர்வையும் சந்தனமும் திருநீறும் குழைந்து கிடக்கும். அதன்மேல் ஒட்டினால் பேடின் ஓரம் தூக்கிக்கொள்ளும். மின்சாரம் ஈரத்தோடு தோல்மேலேயே ஓடிவிடும், இதயத்துக்குப் போவது குறையும். அழுத்தித் துடைக்க இரண்டு பருத்தித் துண்டுகளைக் கூடவே வையுங்கள். பேட் ஒட்டும் இடத்திலுள்ள அலகை மட்டும் உருவினால் போதும். ஷாக் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது.

விழுந்தவருக்கு அருள் வந்திருக்கிறதென்று விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து. தோளைத் தட்டியும் அசைவில்லை, எப்போதாவது வாய் திறந்து ஏங்குகிறார் என்றால் அது மூச்சே அல்ல. ஒருவர் ஆம்புலன்ஸுக்கு 10177க்கோ, மொபைலில் 112க்கோ பேசட்டும். இன்னொருவர் அழுத்தத் தொடங்கட்டும். ஷாக் கொடுத்த கையோடு நாடி பார்த்துக்கொண்டு நிற்காமல் மறுபடி 2 நிமிடம் அழுத்த வேண்டும்.

குறை பேட்டரியில்தான். 123 வகை லித்தியம் பேட்டரி 10 வேண்டும். பத்தையும் சேர்த்தே மாற்றி, உள்ளே இருக்கும் ரீசெட் பொத்தானை அழுத்த வேண்டும். மறந்தால் பழைய பேட்டரி என்றே கருவி நினைத்துக்கொள்ளும். பேட் ஒருவருக்கு ஒருமுறைதான், ஆகவே இரண்டு செட் வாங்குங்கள். 8 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் தனிப் பேட் உண்டு.

ஆபீஸ் அறையில் பூட்டிச் சாவியைப் பொருளாளரிடம் கொடுக்காதீர்கள். கருவி தயார் என்று காட்டும் பச்சை டிக் வெளியில் தெரியும்படி மண்டப வாசலில் மாட்டுங்கள்.