நிக்கான் டி3500, கேனான் 1500டி: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

முப்பதாயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே வைத்துக்கொண்டு முதல் டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) தேடுகிறவர்கள் பெரும்பாலும் பெட்டிக்குள் என்ன வருகிறது என்று மட்டும்தான் ஒப்பிடுகிறார்கள். எத்தனை மெகாபிக்சல், கேமராவோடு வரும் கிட் லென்ஸ் ஒன்றா இரண்டா, பையும் மெமரி கார்டும் உண்டா. இப்போது யாராவது என்னிடம் யோசனை கேட்டால் நான் முதலில் கேட்பது வேறு: கேமரா வாங்கிய பிறகு அடுத்து என்ன வாங்கப் போகிறீர்கள்? லென்ஸா, ஃப்ளாஷா, ஒன்றுமே வேண்டாமா? நிக்கானா கேனானா என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது.

என்னிடம் இருப்பது டி3500. அத்தை மகன் வைத்திருப்பது 1500டி. இரண்டுமே 2018-ல் வந்த மாடல்கள், இரண்டிலும் 24 மெகாபிக்சல். நாங்கள் வாங்கியபோது கேனான் சில ஆயிரம் குறைவு. பாளையங்கோட்டையில் பக்கத்துப் பக்கத்துத் தெரு என்பதால் கல்யாணம், கோயில் கொடை, பறவை பார்க்கப் போவது என்று எல்லாவற்றுக்கும் சேர்ந்தே போவோம். பாதி நேரம் அவன் கேமரா என் கையில் இருக்கும், என்னுடையது அவன் கையில்.

லென்ஸை மறந்துவிட்டுக் கேமராவை மட்டும் பார்த்தால் எனக்குச் சந்தேகமே இல்லை, நிக்கான்தான். பேட்டரி, கார்டோடு சேர்த்து 415 கிராம்தான் எடை. ஆனாலும் பிடி ஆழமாக இருப்பதால் விரல்கள் நன்றாக உட்காரும். கேனான் 475 கிராம். பேட்டரியில் வித்தியாசம் இன்னும் பெரிது. ஒரு சார்ஜில் 1,550 படம் என்று நிக்கான் சொல்கிறது, கேனான் சொல்வது 500. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலையிலிருந்து மறுநாள் பந்தி முடியும்வரை நான் சார்ஜரைத் தேடுவதில்லை. அவன் கூடுதல் பேட்டரி ஒன்றை எப்போதும் பையில் போட்டு வைத்திருக்கிறான். விலைக் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படத்தின் தரத்தில் வித்தியாசம் தெரிவது வெயிலில்தான். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதியில் நின்று எடுக்கும்போது மேலே வானம் பளீரென்று இருக்கும், வடம் பிடிக்கிறவர்களின் முகம் நிழலில் இருட்டிக் கிடக்கும். வானம் வெளுத்துப்போகாதபடி எக்ஸ்போஷரைக் குறைத்து ரா ஃபைலாக (கேமரா திருத்தாத மூலப் படமாக) எடுத்து, வீட்டுக்கு வந்து கணினியில் நிழலைத் தூக்கிப் பார்த்தோம். டி3500 படத்தில் கன்னத்து வியர்வை, சட்டையின் மடிப்பு எல்லாம் சுத்தமாக மேலே வந்தன. 1500டி படத்தில் அதே அளவு தூக்கியதும் கறுப்புப் பகுதியில் புள்ளியும் மெல்லிய கோடுகளும் தெரிய ஆரம்பித்தன. காகிதத்தில் பார்த்தால் கேனானின் ரா 14 பிட், இந்த நிக்கானுடையது 12 பிட்தான்; பிட் கூடினால் நுணுக்கம் கூட வேண்டும். எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்று சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. தேர் அசையும் நேரத்தில் நிக்கானில் வினாடிக்கு 5 படம் என்பதும் கேனானில் 3 படம் என்பதும்கூட நன்றாகவே வித்தியாசப்படும்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் நிக்கானின் ஆட்டோ ஐஎஸ்ஓவையும் கவனியுங்கள் (ஐஎஸ்ஓ என்பது வெளிச்சத்துக்குக் கேமராவின் உணர்திறன்). ஷட்டர் வேகம் 1/250 வினாடிக்குக் கீழே இறங்கக் கூடாது என்று அதில் சொல்லி வைக்கலாம். வெளிச்சம் குறையக் குறைய அது ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்ளும், ஓடுகிற பிள்ளை கலங்காமல் வரும். 1500டியில் ஐஎஸ்ஓ எதுவரை ஏறலாம் என்று வரம்பு வைக்கலாம், இப்படி ஷட்டருக்கு வைக்க முடியாது.

கேனான் முந்துகிற இடங்களும் உண்டு. ஒரே காட்சியை மூன்று வெளிச்ச அளவில் தானே எடுக்கும் பிராக்கெட்டிங் 1500டியில் இருக்கிறது, டி3500-ல் கிடையாது. போனுக்குப் படம் அனுப்பக் கேனானில் வைஃபை உண்டு. நிக்கானில் புளூடூத் மட்டும், தானாக வருவது 2 மெகாபிக்சலுக்குச் சுருக்கிய படம். வாட்ஸ்அப்புக்கு அது போதும், அச்சுக்குப் போதாது. நிக்கானின் கிட் லென்ஸ் மடங்கி இருக்கும். பொத்தானை அழுத்தித் திருப்பி விரித்தால்தான் வேலை செய்யும். என் கேமராவை வாங்கும்போதெல்லாம் “என்ன மச்சான், எடுக்க மாட்டேங்கு?” என்று அவன் கேட்பது இன்றும் நடக்கிறது. ஆனால் ஏஎஃப்-பி என்ற வகையைச் சேர்ந்த அந்த லென்ஸ் சத்தமே இல்லாமல் சட்டென்று ஃபோகஸ் பிடிக்கும். கேனானின் 18-55 ஐஎஸ் 2 லென்ஸில் ஃபோகஸ் ஆகும்போது முன்பக்கமும் சேர்ந்து சுற்றும், அதனால் திருப்பிவைத்துப் பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் போட்டால் ஒவ்வொரு தடவையும் திரும்பச் சரிசெய்ய வேண்டும்.

சரி, அடுத்த செலவுக்கு வருவோம். கிட் லென்ஸ் அலுத்ததும் எல்லோரும் போகிற இடம் எஃப்/1.8 லென்ஸ், அதாவது துளை பெரிதாகத் திறந்து அதிக வெளிச்சம் உள்ளே விடும் லென்ஸ். கேனானில் 2015-ல் வந்த 50 மிமீ எஸ்டிஎம் இருக்கிறது. சின்னது, விலை குறைவு, முகப்படம் அருமையாக வரும். அதோடு 1987-லிருந்து வந்த ஈஎஃப் லென்ஸ்கள் எல்லாவற்றிலும் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால், தெரிந்தவரிடம் பழைய ஈஎஃப் லென்ஸ் கிடைத்தால் மாட்டிய உடனே ஆட்டோ ஃபோகஸ் ஆகும். டி3500-ன் உடலில் மோட்டார் கிடையாது. விலை குறைந்த 50 மிமீ 1.8டி லென்ஸை மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருப்பதைத்தான் தேட வேண்டும், அவற்றுக்கு விலை கூடுதல். நான் 35 மிமீ 1.8ஜி வாங்கினேன். கேனான் 50-ஐவிடச் செலவு அதிகம், ஆனால் நம் வீட்டு அறைகளுக்கு 50 மிமீ ரொம்ப நெருக்கம். கூடத்தில் நாலு பேரைச் சேர்த்து எடுக்கச் சுவரில் முதுகு முட்ட நிற்க வேண்டிவரும். 35 மிமீ அங்கே கச்சிதம். இன்றுவரை என் கேமராவில் பெரும்பாலும் மாட்டியிருப்பது அதுதான்.

ஃப்ளாஷ் விஷயம் கடைகளில் யாரும் சொல்வதில்லை. 1500டி, 3000டி, 200டி 2 ஆகிய மூன்றிலும் ஹாட்ஷூவின் (கேமராவின் தலையில் ஃப்ளாஷ் மாட்டும் இடம்) நடுவே இருக்க வேண்டிய முள்ளைக் கேனான் எடுத்துவிட்டது. எந்தக் கேமராவிலும் வேலை செய்யும் சாதாரண ஒற்றை முள் மேனுவல் ஃப்ளாஷ்களும், தள்ளிவைத்த ஃப்ளாஷை எரியவைக்கும் டிரிகர்களும் இவற்றில் வேலை செய்யாது. கேனானுக்கென்றே செய்த, கேமராவே வெளிச்ச அளவை முடிவு செய்யும் டிடிஎல் வகை வேண்டும், அதிலும் உங்கள் மாடலோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். டி3500-ல் அந்த முள் இருக்கிறது. மலிவான மேனுவல் ஃப்ளாஷ் ஒன்றைக் கூரையில் அடித்துத் திருப்பிவிட்டால் மண்டபத்தில் படம் வேறு மாதிரி இருக்கும். சின்னச் சின்ன விசேஷங்களுக்கு எடுத்துச் சம்பாதிக்க நினைக்கிறவர்களுக்கு இந்த ஒரு முள்ளே முடிவைச் சொல்லிவிடும் என்பது என் அபிப்பிராயம்.

பறவைகளுக்கு என்றால் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். கூந்தன்குளத்தில் கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் ஊருக்குள்ளேயே, வீட்டுப் பக்கத்து மரங்களில் கூடு கட்டுகின்றன. அங்கே கேனான் 55-250 மிமீ லென்ஸ், நிக்கான் 70-300 மிமீ லென்ஸ் இரண்டுமே போதும். ஆனால் ஏஎஃப்-பி 70-300 டிஎக்ஸ் லென்ஸ் இரண்டு விதமாக வருகிறது. பெயரின் கடைசியில் விஆர் என்று இருந்தால்தான் கை நடுக்கத்தைத் தாங்கும். விஆர் இல்லாததை 300 மிமீயில் கையில் பிடித்து எடுக்க 1/500-க்கு மேலே வைக்க வேண்டும், விடியற்காலை வெளிச்சம் அதற்குப் போதாது. கேனானிலும் அப்படித்தான், 18-55 லென்ஸின் பெயரில் ஐஎஸ் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வீடியோதான் முக்கியம் என்றால் இந்த இரண்டையும் விட்டுவிடுங்கள். இரண்டிலும் மைக் செருக வழியில்லை. 2017-ல் வந்த கேனான் 200டி பழையதாகக் கிடைத்தால் அதுவே மேல்: மைக் துளை உண்டு, திரை திரும்பும், டூயல் பிக்சல் இருப்பதால் வீடியோவில் ஃபோகஸ் தடுமாறாது. அதன் ஹாட்ஷூவில் முள்ளும் இருக்கிறது.

டி3500-ஐ நிக்கான் 2022-ல் நிறுத்திவிட்டதால் இனி பழையதுதான். விற்பவரிடம் அன்றே எடுத்த ஜேபெக் படம் ஒன்றைத் திருத்தாமல் அனுப்பச் சொல்லுங்கள். நிக்கான் படத்தின் எக்ஸிஃப் விவரத்தில் ஷட்டர் எத்தனை முறை ஓடியது என்பது பதிவாகியிருக்கும். கேனான் படத்தில் அது இருக்காது, கேபிள் போட்டுத் தனி மென்பொருளில்தான் பார்க்க வேண்டும். டி3100, டி3200 போன்ற இன்னும் பழைய உடல்களை மலிவாகத் தந்தால், அவற்றில் ஏஎஃப்-பி லென்ஸ் வேலை செய்யாது என்பதை மறக்காதீர்கள். சென்சாரைத் தானே உதறிச் சுத்தம் செய்யும் வசதி டி3500, 1500டி இரண்டிலும் இல்லை. லென்ஸின் துளையை எஃப்/16-க்குச் சுருக்கி வெறும் வானத்தை எடுத்துப் பார்த்தால் தூசி கரும்புள்ளியாகத் தெரிந்துவிடும். பெரும்பாலும் ஊதும் பம்ப் போதும். லென்ஸில் பூஞ்சை இருந்தால் மட்டும் எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். கேமராவிலிருந்து கழற்றி, ஒரு பக்கம் போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து மறுபக்கம் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி இழையோடியிருந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.