வீட்டு வரி ரசீதில் இருந்த நூலகம்

போன வருடம் வீட்டு வரி கட்டிவிட்டு ரசீதைப் பார்க்கும்போதுதான் நூலக வரி என்று தனியாக ஒரு தொகை கண்ணில் பட்டது. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. இத்தனை வருடமாகக் கட்டிக்கொண்டே வருகிறேன், ஆனால் எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குள் நுழைந்து பதினைந்து வருடம் இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமையே மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

முதல் நாள் சரியில்லை. கண்ணாடி பீரோவுக்குள் இருந்த ஒரு படப் புத்தகத்தை அவள் விரலால் காட்டினாள், பீரோ பூட்டியிருந்தது, சாவி கிடைக்கக் கால் மணி நேரம் ஆனது, அதற்குள் அவள் வீட்டுக்குப் போகலாம் என்று ஆரம்பித்துவிட்டாள். எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. நூலக இயலுக்கு ஐந்து விதிகள் எழுதிய எஸ்.ஆர்.ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர். 1931-இல் வந்த அந்த விதிகளில் முதலாவதே புத்தகம் பயன்பாட்டுக்குத்தான் என்பது. அதே வருடம் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போயிருக்கிறார்கள். படிக்கிறவரைத் தேடிப் புத்தகம் போன மண் இது, இங்கே தேடி வந்த குழந்தைக்குப் பூட்டா?

இரண்டு மாதம் கழித்துத்தான் மறுபடி போனேன். புது நூலகர் வந்திருந்தார். சிறுவர் புத்தகங்களை எல்லாம் பீரோவிலிருந்து எடுத்து, குழந்தைகளின் இடுப்பு உயரத்துக்கு ஒரு அலமாரியில் அட்டைப்படம் தெரிகிற மாதிரி வைத்து, பக்கத்தில் ஒரு பாயும் விரித்திருந்தார். "கையைக் கழுவிட்டு வாம்மா, அப்புறம் எதை வேணும்னாலும் எடுத்துக்கோ" என்றார். அவ்வளவுதான் சொன்னார். என் மகள் ஒன்றை எடுத்தாள், நாலு பக்கம் புரட்டிவிட்டு வைத்தாள், இன்னொன்றை எடுத்தாள், ஏன் முழுதாகப் படிக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை, கடைசியில் யானைக் கதை ஒன்றோடு பாயில் குப்புறப் படுத்தவள் நான் கூப்பிட்டதைக் கூடக் கவனிக்கவில்லை. வீட்டில் நான் பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்த புத்தகங்களை அவள் இப்படிப் படித்ததே இல்லை. தானே தேர்ந்தெடுத்தது, அதுதான் வித்தியாசம்.

உறுப்பினராவது சுலபம். ஆதார் நகலும் சின்ன வைப்புத் தொகையும் கொடுத்தேன், பத்து நிமிடத்தில் முடிந்தது. பதிவேட்டில் அவளே கையெழுத்துப் போட்டுப் புத்தகம் வாங்குகிறாள், அதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை!

குறைகளும் உண்டு. சுத்தமான கழிப்பறை இல்லை, குழந்தைகளோடு வரும் அம்மாக்கள் இதனாலேயே சீக்கிரம் கிளம்பிவிடுகிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலையிலேயே நாற்காலிகளை நிரப்பிவிடுகிறார்கள், அவர்களுக்கும் வேறு இடம் இல்லை, பாவம். தனி அறை ஒன்று கட்டினால் இரண்டு பேருக்கும் நல்லது. சிறுவர் புத்தகங்களில் புதிய வரவு மிகக் குறைவு, ஆறு மாதத்தில் என் மகள் பாதி அலமாரியை முடித்துவிட்டாள். இதை வாசகர் வட்டக் கூட்டத்தில் சொன்னேன், எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்திருக்கிறேன்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தாராளமாகத் தருவேன், அதில் இரண்டு அந்தப் பாய்க்கு. உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கும் ஒரு ஞாயிறு காலை குழந்தையோடு போய்ப் பாருங்கள். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், விடுமுறை.