கேத்தியா, அரவேனுவா?

மலையில் இடம் பார்க்கப் போனால் தரகர் முதலில் சொல்வது சென்ட் கணக்கைத்தான். எங்களுக்கும் அப்படித்தான் நீலகிரியில் இரண்டு வீடுகள் வந்தன. கேத்திப் பள்ளத்தாக்கில் 32 சென்ட்டில் ஓட்டு வீடு. கோத்தகிரிக்குக் கீழே அரவேனுப் பக்கம், தேயிலைக்கு நடுவே 40 சென்ட்டில் தகரக் கூரை வீடு. விலை ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் பார்வைக்குக் கேத்திதான் மனசுக்குப் பிடித்தது. 20 சென்ட் சமதரை. வண்டி வாசல்வரை வரும். மளிகைக்கடை நடக்கிற தூரம். குன்னூர் - ஊட்டி ரயில் கேத்தியில் நிற்கும். அம்மாவுக்கு 74 வயது. ஊட்டி பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போய்விடலாம். குறை என்றால் பனி. மார்கழி, தை மாதங்களில் பள்ளத்தில் உறைபனி இறங்கும். நாங்கள் போன ஒரு காலையில் அவரைக்கொடி வெந்நீர் ஊற்றியதுபோல் கருகிக் கிடந்தது.

அரவேனுவில் ரயில் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரி என்றால் நெடுந்தூரம். 40 சென்ட்டில் நின்று நடக்க 9 சென்ட் தேறும், மீதி எல்லாம் சரிவு.

அப்புறம் ஏன் அரவேனுவைத் தேர்ந்தெடுத்தோம்? ஒரு மழை நாளில் இரண்டு இடத்துக்கும் போனோம். கேத்தி வீட்டுக்குப் பின்னால் மலையை வெட்டி 12 அடி உயரத்துக்குக் கல் அடுக்கியிருக்கிறார்கள். சுவர் நடுவில் வயிறு தள்ளி நிற்கிறது, தண்ணீர் கசிய விட்ட துளைகள் மண்ணடைத்துக் கிடக்கின்றன. மேலே உள்ள காய்கறித் தோட்டத்துத் தண்ணீர் முழுக்க அந்தச் சுவருக்குத்தான் வருகிறது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. அந்த மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். கேத்தி முழுக்க ஆபத்து என்று சொல்லவில்லை. அந்தச் சுவருக்குக் கீழே அம்மாவைப் படுக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அரவேனு வீடு மேட்டின் தோளில் நிற்கிறது. தண்ணீர் இருபுறமும் பிரிந்து ஓடிவிடுகிறது. சரிவு முழுக்கப் பழைய தேயிலை. அதன் வேர் மண்ணைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது. வீணான நிலம் என்று நினைத்த அந்த 31 சென்ட்தான் வீட்டைத் தாங்குகிறது.

அக்கம்பக்கத்தைப் பொறுத்தவரை கேத்தியில் வீடுகள் நெருக்கம்; இரவில் கூப்பிட்டால் ஆள் வரும். அரவேனுவில் பத்து நிமிஷம் நடந்தால்தான் ஹட்டி, அதாவது படகர் ஊர். முதல் நாளே டீ கொடுத்த அக்கா சொன்னார்: "எண்ணெய் டின்னை வெளிய வச்சிராதீங்க தம்பி, கரடி வரும். ஆறு மணிக்கு மேல டார்ச் இல்லாம இறங்காதீங்க." தரகர் சொல்லாததை அவர் சொன்னார்.

பெரிய இடம், பின்னால் காட்டேஜ் கட்டலாம் என்ற கணக்கு இரண்டிலும் வேண்டாம். கட்டட உயரம் 7 மீட்டருக்குமேல் போக முடியாது. மரம் வெட்ட 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். சொந்தப் பட்டா நிலமானாலும் அதுதான்.

அம்மாவுக்கு அடிக்கடி ஆஸ்பத்திரி தேவைப்பட்டிருந்தால் கேத்தியிலேயே வேறு வீடு தேடியிருப்பேன். இப்போது அரவேனுவுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. ஐப்பசி மழைக்குள் வாய்க்காலைத் தூர்வார வேண்டும். பெயின்ட் அடிப்பது அதற்குப் பிறகுதான்.