கிராஃப்ட் சோடாவும் வழக்கமான குளிர்பானமும்: லேபிளைத் திருப்பிப் பார்த்தால்

கண்ணாடி பாட்டில், கையால் வரைந்தது போன்ற லேபிள், அதில் ‘முழுக்க இயற்கையானது’ என்று ஒரு வரி. இவ்வளவு இருந்தாலே உள்ளே இருப்பது உடம்புக்கு நல்லது என்று மனம் முடிவு கட்டிவிடும். சின்னத் தயாரிப்பாளர்கள் சிறு தொகுதிகளாகச் செய்யும் இந்தக் கிராஃப்ட் சோடாக்கள் எனக்கு ரொம்பவே பிடிக்கும். அவற்றை வாங்க நல்ல காரணங்கள் இருக்கின்றன. ஆனால் அந்தக் காரணங்களில் ஆரோக்கியம் முதலிடத்தில் இல்லை என்பதை நேராகச் சொல்லிவிட வேண்டும்.

சர்க்கரை

330 மில்லி கோகோ கோலா கேன் ஒன்றில் 35 கிராம் சர்க்கரை. அதாவது 100 மில்லிக்குப் பத்தரை கிராமுக்குச் சற்று மேல். கரும்புச் சர்க்கரை போட்ட கிராஃப்ட் சோடாக்களில் பலவும் ஏறக்குறைய இதே அளவில்தான் இருக்கின்றன. கிரீம் சோடா (வெனிலா வாசனை சோடா), ரூட் பீர் (பெயரில் பீர் இருந்தாலும் வேர், பட்டைச் சுவையுள்ள சோடாதான்) வகைகளில் சில இதையும் தாண்டும். ஒரு நாளின் மொத்த கலோரியில் சேர்க்கப்பட்ட சர்க்கரையின் பங்கு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் வழிகாட்டியது. அந்த 5 சதவீதம் பெரியவர்களுக்குச் சுமார் 25 கிராம். எந்தப் பக்கத்து பாட்டிலை எடுத்தாலும் ஒன்றிலேயே அது முடிந்துபோகிறது. தேன், பழச்சாறு அடர்கரைசல், அகாவே என்ற கற்றாழை போன்ற செடியின் பாகு எல்லாமே இந்தக் கணக்கில் சர்க்கரைதான்.

“ஆனால் கிராஃப்ட் சோடாவில் கார்ன் சிரப், அதாவது சோளப் பாகு, இல்லையே?” என்பார்கள். அமெரிக்காவில் பெரிய நிறுவனங்கள் 1980களின் நடுவில் சர்க்கரையைக் கைவிட்டு ஃப்ரக்டோஸ் மிகுந்த சோளப் பாகுக்கு மாறின. அந்தப் பாகில் ஏறத்தாழ 55 சதவீதம் ஃப்ரக்டோஸ், மீதியில் பெரும்பகுதி குளுக்கோஸ். கரும்புச் சர்க்கரையில் இவை இரண்டும் சரிபாதி. போதாததற்கு, சோடாவின் புளிப்பில் கரும்புச் சர்க்கரை பாட்டிலுக்குள்ளேயே மெல்ல உடைந்து அதே ஃப்ரக்டோஸாகவும் குளுக்கோஸாகவும் பிரிகிறது. நாக்குக்கு வித்தியாசம் தெரியலாம். உடலுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

சுவை எங்கிருந்து வருகிறது

கிராஃப்ட் சோடா உண்மையிலேயே முந்துவது இங்கேதான். ஆனால் எல்லா பாட்டிலும் அல்ல. அமெரிக்காவில் விற்கும் கோகோ கோலா கேனின் பட்டியலைப் படித்துப் பாருங்கள்: அதிலும் ‘இயற்கைச் சுவையூட்டிகள்’ என்றுதான் இருக்கும். சட்டப்படி அந்தச் சொல்லுக்குப் பொருள், சுவை தாவரம் போன்ற இயற்கை மூலத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதுதான். எவ்வளவு, எந்த வழியில் எடுத்தார்கள் என்று அது சொல்லாது. ஆகவே கிராஃப்ட் சோடா வாங்கும்போதும் ‘இயற்கைச் சுவையூட்டி’ மட்டும் இருந்தால் நான் வைத்துவிடுவேன். இஞ்சி, எலுமிச்சைச் சாறு, வேர், பட்டை என்று பொருளின் பெயரே பட்டியலில் இருக்க வேண்டும்.

இஞ்சி சோடா இதற்கு நல்ல உதாரணம். வழக்கமான ஜிஞ்சர் ஏல் என்ற இஞ்சிச் சுவை குளிர்பானத்தில் இனிப்பும் லேசான வாசனையும்தான் இருக்கும். பச்சை இஞ்சியை அரைத்தோ கொதிக்கவைத்தோ செய்ததில் ஜிஞ்சரால் என்ற பொருளின் காரம் தொண்டையில் நிற்கும். சூடுபடுத்தும்போது அதில் ஒரு பகுதி இன்னும் காரமான ஷோகாலாக மாறும். அடியில் மண்டி தங்கியிருந்தால் அது குறையல்ல. பாட்டிலை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்திவிட்டுத் திறந்தால் போதும்.

நொதிக்கவைத்துச் செய்யும் வகை இன்னும் ஒரு படி மேல். இங்கிலாந்தில் 1905இல் தொடங்கிய ஃபென்டிமன்ஸ் இஞ்சி பானத்தை இந்த வழியில்தான் செய்தது. 1995இல் ஜெர்மனியில் வந்த பியோனாடே என்ற பானம், மால்ட்டை (முளைகட்டிய தானியத்தை) நொதிக்கவைத்து ஆல்கஹாலுக்குப் பதிலாக குளுகோனிக் அமிலம் உண்டாகும்படி செய்தது. வெறும் சிட்ரிக் அமிலம் தராத ஒரு ஆழமான புளிப்பு இப்படி வருகிறது. ஈஸ்ட் சேர்த்து நொதிக்கவைத்தால் துளி ஆல்கஹாலும் உண்டாகும். அதை முழுக்கத் தவிர்ப்பவர்கள் லேபிளைப் பார்த்து வாங்க வேண்டும். பாஸ்ச்சரைஸ் செய்யாத (சூடுபடுத்தி நுண்ணுயிர்களை அழிக்காத) பாட்டிலைக் கண்டிப்பாகக் குளிரில்தான் வைக்க வேண்டும், வெளியே விட்டால் நொதித்தல் தொடர்ந்து அழுத்தம் ஏறும், பாட்டில் வெடிக்கவும் கூடும்.

மற்றபடி குமிழியில் பெரிய வேறுபாடு கிடையாது. பெரும்பாலான கிராஃப்ட் சோடாக்களிலும் கார்பன் டை ஆக்சைடை அழுத்தித்தான் ஏற்றுகிறார்கள். எங்கே, எப்போது வாங்கினாலும் ஒரே சுவை வேண்டுமென்றால் பெரிய நிறுவனங்களை யாராலும் மிஞ்ச முடியாது. சின்னத் தயாரிப்பில் ஒவ்வொரு தொகுதியும் கொஞ்சம் மாறும். எனக்கு அது பிடித்திருக்கிறது, எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

நிறம், பதப்படுத்தி, புளிப்பு

செயற்கை நிறங்கள் வேண்டாம் என்பவர்களுக்குக் கிராஃப்ட் பக்கம் தெளிவான அனுகூலம் உண்டு. பழச்சுவை பானங்களில் எண்ணெய் பிரியாமல் இருக்க அமெரிக்காவில் பல காலம் சேர்த்துவந்த புரோமின் ஏற்றிய தாவர எண்ணெய்க்கான அனுமதியை அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2024இல்தான் ரத்து செய்தது. சோடியம் பென்சோயேட் என்ற பதப்படுத்தியும் வைட்டமின் சியும் சேர்ந்தால் சிறிதளவு பென்சீன் என்ற நச்சுப் பொருள் உருவாகக்கூடும் என்பதும் தெரிந்த விஷயம். அதனால் பல நிறுவனங்கள் செய்முறையை மாற்றின. இப்படிப்பட்ட சேர்மானங்கள் நல்ல கிராஃப்ட் சோடாவில் இருக்காது.

பல்லுக்கு மட்டும் இரண்டுமே ஒன்று. புளிப்பை அளக்கும் பிஎச் எண் (குறையக் குறையப் புளிப்பு கூடும்) சுமார் 5.5க்குக் கீழே போனால் பல் எனாமல் கரையத் தொடங்கும். கோலாவின் பிஎச் 2.5 அருகில், எலுமிச்சை போட்ட கிராஃப்ட் சோடாவும் அதிலிருந்து ரொம்பத் தூரத்தில் இல்லை. பாஸ்பாரிக் அமிலமோ, சிட்ரிக் அமிலமோ, எனாமலுக்கு இரண்டும் புளிப்புதான்.

காஃபீன் வேண்டாம் என்றால் இஞ்சி, பழ வகைக் கிராஃப்ட் சோடாக்கள் வசதி. 355 மில்லி கோகோ கோலாவில் 34 மில்லிகிராம் காஃபீன் இருக்கிறது.

சர்க்கரையே கூடாது என்றால்

நீரிழிவு உள்ளவர் எப்போதாவது ஒரு சோடா குடிக்க ஆசைப்பட்டால், கரும்புச் சர்க்கரை போட்ட இயற்கை சோடாவைவிட சர்க்கரை இல்லாத வழக்கமான கோலாதான் பொருத்தம். இரத்தச் சர்க்கரைக்கு ‘இயற்கை’ என்ற அடைமொழி தெரியாது. சர்க்கரை இல்லாத கோலாக்களில் சேர்க்கும் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பைப் பற்றிய பயம் அறிந்ததே: 2023இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை ‘புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பிருக்கலாம்’ என்ற பிரிவில் வைத்தது. அதே நேரத்தில் உணவுச் சேர்க்கைகளை மதிப்பிடும் உலக நிபுணர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. சாதாரணமாக ஒருவர் ஒரு கேன் குடித்து அந்த வரம்பை எட்ட முடியாது.

அப்புறம் மூன்றாவதாக ஒரு வகை வளர்ந்திருக்கிறது: குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவாகும் நார்ச்சத்து சேர்த்த ப்ரீபயாடிக் சோடாக்கள். ஆலிபாப், பாப்பி இரண்டும் இதில் பிரபலம். ஒரு கேனில் சுமார் 5 கிராமோ அதற்குக் குறைவோதான் சர்க்கரை. இந்த ஒரு விஷயத்திலேயே மேலே சொன்ன இரண்டு வகைகளையும் இவை வென்றுவிடுகின்றன. பாப்பியை 2025இல் பெப்சிகோ வாங்கிவிட்டதால் கிராஃப்ட், பெரிய நிறுவனம் என்ற கோடும் இங்கே அழிந்துவிட்டது. குடலுக்கு நல்லது என்ற விளம்பரத்தை மட்டும் நிதானமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பாப்பி கேனில் இருந்த நார்ச்சத்து 2 கிராம் அளவே. இதை வைத்து வழக்கே நடந்தது. நார்ச்சத்து அதிகமுள்ள வகைகளில் இன்யூலின் என்ற நார்ச்சத்து சிலருக்கு வயிற்று உப்புசத்தைத் தரும். பழக்கமில்லாதவர்கள் முதலில் அரைக் கேன் குடித்துப் பார்க்கலாம்.