ரேஸுக்குன்னே வந்திருக்கற புது ஆன்லைன் புக்கி – மூணு மாசம் போட்டுப் பார்த்ததுல தெரிஞ்சது

ஃபுட்பால் கிடையாது, கேசினோ கிடையாது, குதிரை ரேஸ் மட்டும்தான்னு சொல்லி ஒரு புது ஆன்லைன் புக்கி வந்திருக்கான், அந்த ஒரு காரணத்துக்காகவே நான் அக்கவுண்ட் ஓபன் பண்ணேன். பெரிய சைட்டுல எல்லாம் ரேஸ் பக்கம் போறதுக்குள்ள நாலு ஸ்லாட் விளம்பரம் வந்து மேல விழும், நமக்கு அது வேண்டாம். பேரை இங்க சொல்லல, ஏன்னா எனக்கும் அவங்களுக்கும் ஒரு பஞ்சாயத்து இன்னும் முடியாம ஓடிட்டு இருக்கு, அதைக் கீழ சொல்றேன்.

புது சைட்டுன்னா நான் மொதல்ல பார்க்கறது ஆட்ஸ் (ஜெயிச்சா போட்டதுக்கு எத்தனை மடங்கு லாபம்னு புக்கி வைக்கற விலை) இல்ல, லைசென்ஸ். பக்கத்தோட அடியில ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, அதை அப்படியே நம்பிடாதீங்க. பிரிட்டன் கேம்ப்ளிங் கமிஷன் மாதிரி இடத்துல லைசென்ஸ் லிஸ்ட் யார் வேணாலும் பார்க்கலாம், அங்க போய் கம்பெனி பேரும் வெப்சைட் அட்ரஸும் ரெண்டும் ஒத்துப் போகுதான்னு பாருங்க. அந்த லைசென்ஸ் நீங்க இருக்கற இடத்துக்கு செல்லுமான்றதும் தனியா பார்க்கணும், ஒரு நாட்டுல வாங்கின லைசென்ஸை வச்சு உலகம் பூரா கடை விரிக்க முடியாது. அங்க இன்னொரு விஷயமும் இருக்கு, நம்ம டெபாசிட் பணத்துக்கு எவ்வளவு பாதுகாப்புன்னு மூணு லெவல்ல கம்பெனி வெளிப்படையா சொல்லியாகணும். இவன் இருக்கறது கடைசி லெவல்ல, அதாவது கம்பெனி திவால் ஆச்சுன்னா உள்ள கிடக்கற நம்ம பணத்துக்கு உத்தரவாதம் இல்ல. அதனால இந்த வார ரேஸுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான் உள்ள வைக்கறேன், ஜெயிச்சா அன்னிக்கே வெளிய எடுத்துடறேன்.

இதெல்லாம் ரொம்ப ஓவர் ஜாக்கிரதைன்னு நினைக்கறவங்க 1996 செப்டம்பர் 28 ஞாபகம் வச்சுக்கணும். இங்கிலாந்துல ஆஸ்காட் ரேஸ் மைதானத்துல அன்னிக்கு ஏழு ரேஸ், ஏழுலயும் ஜாக்கி ஃப்ராங்கி டெட்டோரி ஜெயிச்சார், ஏழையும் சேர்த்துப் போட்டவனுக்கு 25,000/1-க்கு மேல, அதாவது ஒண்ணு போட்டா 25,000-க்கு மேல லாபம் வந்துச்சு, புக்கிங்களுக்குப் போனது கோடிக்கணக்கான பவுண்டு. பெரிய கம்பெனிங்க தாங்கிடுச்சு. நேத்து ஆரம்பிச்ச ஒரு சின்ன சைட்டு அந்த மாதிரி ஒரு சாயங்காலத்தைத் தாங்குமான்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு நாளைக்கு அதிகபட்சம் எவ்வளவு குடுப்பான்ற லிமிட்டும் ரூல்ஸ் பக்கத்துல இருக்கும், அக்யுமுலேட்டர் (பல ரேஸைச் சேர்த்து ஒரே பெட்டா) போடறவங்க அதைப் படிக்காம போடாதீங்க.

சரி, நல்லதைச் சொல்லிடறேன். ரேஸ் கார்டு நிஜமாவே அருமை. கட்டினவனுக்கு ரேஸ் தெரியும்னு பார்த்த உடனே புரியுது. வெயிட், டிரா (எந்த இடத்துல இருந்து கிளம்புதுன்றது), கடைசி ஆறு ஓட்டம், தரை எப்படி இருக்கு, அந்தக் குதிரை இதே தரையில முன்னாடி எப்படி ஓடிச்சு, முதல் தடவையா கண்ணுல பிளிங்கர் (பக்கத்துல பார்க்காம இருக்க மறைப்பு) போடறாங்களா, எல்லாம் ஒரே ஸ்க்ரீன்ல இருக்கு. காலையில ஈரமா இருந்த தரை மத்தியானம் காஞ்சு போச்சுன்னா உடனே மாத்திக் காட்டறான். குதிரை ஓடலன்னு வாபஸ் வாங்கினா நோட்டிஃபிகேஷன் வருது, அந்த ரேஸ்ல என் பெட்டு என்ன ஆகும்னும் அதுலயே சொல்றான். நான் வேற எங்கயும் இவ்வளவு தெளிவா பார்த்ததில்ல.

இது ஏன் முக்கியம்னா, ஈச்-வே (ஜெயிக்கறதுக்கு ஒண்ணு, முதல் சில இடத்துக்குள்ள, அதாவது ப்ளேஸ் வர்றதுக்கு ஒண்ணுன்னு ரெண்டு பெட்டு) போடறவங்களுக்கு ஒரு குதிரை வாபஸ் ஆனா கணக்கே மாறிடும். வழக்கமான பிரிட்டிஷ் டெர்ம்ஸ்படி எட்டு குதிரை ஓடினா மூணு இடத்துக்கு ப்ளேஸ் பணம் உண்டு, ஏழு ஆயிடுச்சுன்னா ரெண்டு இடம்தான். பதினாறு குதிரை ஹேண்டிகேப்ல (நல்ல குதிரைக்கு அதிக வெயிட் ஏத்தி சமப்படுத்தற ரேஸ்) நாலு இடம், அதுல ஒண்ணு கழண்டா மூணுதான். எனக்கு ஒரு எட்டுக் குதிரை ரேஸ்ல அரை மணி நேரம் முன்னாடி ஒண்ணு வாபஸ், என் குதிரை மூணாவது வந்து ஒண்ணும் இல்லாம போச்சு. அது சைட்டோட தப்பு இல்ல, வழக்கமா எல்லா இடத்துலயும் அதே ரூல்தான், ஆனா இவன் முன்கூட்டியே மெசேஜ் அனுப்பி எச்சரிச்சான், நான்தான் பார்க்கல.

ஈச்-வேன்னா ஏதோ பாதுகாப்பான பெட்டுன்னு புதுசா வர்றவங்க நினைக்கறாங்க, அவங்களுக்காக ஒரு கணக்கு. பத்து யூனிட் ஈச்-வேன்னா கையை விட்டுப் போறது இருபது. 8/1 குதிரை மூணாவது வந்து ப்ளேஸுக்கு அஞ்சுல ஒரு பங்கு ஆட்ஸ்னா கைக்கு 26 வரும், ஆறு லாபம். அதே இடத்துல 3/1 குதிரை வந்தா வர்றது 16, நாலு நஷ்டம். குதிரை ப்ளேஸ் வந்தும் நஷ்டம்! இந்த சைட்டுல பெட் ஸ்லிப்லயே ஜெயிச்சா இவ்வளவு, ப்ளேஸ் மட்டும் வந்தா இவ்வளவுன்னு ரெண்டையும் தனித்தனியா காட்டறான், அது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.

ஆட்ஸ் எப்படின்னு கேட்டா, ஒரு குதிரையோட விலையை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க, ரேஸ் முழுக்கக் கூட்டிப் பாருங்க. நாலு குதிரை, 2/1, 5/2, 3/1, 4/1. சதவீதமா மாத்தினா (2/1-ன்னா மூணுல ஒரு பங்கு) 33.3, 28.6, 25, 20, கூட்டினா கிட்டத்தட்ட 107. நூறுக்கு மேல இருக்கற அந்த ஏழுதான் புக்கியோட பங்கு. இவன் சின்ன ரேஸ்ல நல்லாத்தான் குடுக்கறான், பெரிய ஹேண்டிகேப்ல மேல இருக்கற ரெண்டு மூணு குதிரைக்கு மட்டும் கவர்ச்சியா விலை வச்சிட்டு மிச்ச குதிரை எல்லாத்துலயும் இறுக்கிப் பிடிக்கறான். நீளமான விலைக் குதிரை தேடறவங்களுக்கு இது சரிப்படாது. டோட் பூல் (எல்லாரும் போட்ட பணத்தைச் சேர்த்து ஜெயிச்சவங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கற முறை) விலையும் பக்கத்துலயே காட்டறான், அந்த மாதிரி குதிரைக்கு அதைப் பார்த்துட்டுப் போடுங்க. 1967-ல இங்கிலாந்துல நடந்த கிராண்ட் நேஷனல் தடை தாண்டற ரேஸ்ல 23-வது தடையில கிட்டத்தட்ட எல்லாக் குதிரையும் ஒண்ணு மேல ஒண்ணு மோதி நின்னப்ப பின்னாடி வந்துட்டு இருந்த ஃபோயினேவன் தாண்டிப் போய் ஜெயிச்சுது இல்லையா, அதுக்கு புக்கி விலை 100/1, டோட்ல வந்தது 444/1. யாருமே போடாத குதிரைக்கு பூல்ல அப்படித்தான் குவியும்.

ரூல் ஃபோர் பத்தி, அதாவது ஒரு குதிரை வாபஸ் ஆனா ஜெயிச்சவங்க லாபத்துல பிடிக்கற ரூல் பத்தி ஒரு வார்த்தை. காலையில 5/1-க்கு பத்து யூனிட் போட்டேன், அப்புறம் ஈவன்ஸ்ல (1/1) இருந்த ஃபேவரிட் வாபஸ். என் குதிரை ஜெயிச்சுது, ஆனா லாபம் 50-ல 45 சதவீதம் பிடிச்சு 27.5 தான் வந்துச்சு. ஏமாத்திட்டான்னு கோபப்பட வேண்டாம், முக்கியமான குதிரையே இல்லாத ரேஸுக்கு பழைய விலையில பணம் கேட்கறது நியாயம் இல்லன்னுதான் அந்த ரூல் இருக்கு, பிடிச்ச கணக்கும் டேபிள்படி சரியா இருந்துச்சு.

பெஸ்ட் ஆட்ஸ் கியாரண்டி உண்டு, ஆனா ரேஸ் அன்னிக்கு காலை எட்டு மணிக்கு அப்புறம் போடற பெட்டுக்கு மட்டும். நாம எடுத்த விலையை விட ஸ்டார்ட்டிங் ப்ரைஸ் (ரேஸ் ஆரம்பிக்கற நேரத்து விலை) அதிகமா போனா அதிகமானதைக் குடுப்பான். ரேஸ் போடறவனுக்கு இதை விடப் பெரிய சலுகை கிடையாது, வெல்கம் போனஸ் எல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. விலை ஒரே நாள்ல எவ்வளவு மாறும்னா, மேல சொன்ன ஆஸ்காட் நாள்ல கடைசி ரேஸ் ஜெயிச்ச குதிரை ஃபுஜியாமா கிரெஸ்ட் காலையில 12/1, ஓடும்போது 2/1. காலையிலயே விலையை எடுத்தவன் எங்க, கடைசி நிமிஷத்துல ஓடிவந்து போட்டவன் எங்க.

ஆப் பரவால்ல. லைவ் வீடியோ கொஞ்சம் லேட்டா வருது. கேஷ் அவுட் (ரேஸ் முடியறதுக்கு முன்னாடியே பெட்டை முடிச்சு பணம் எடுக்கறது) விலை மட்டமா இருக்கு, நான் தொடறதே இல்ல. ஐடி வெரிஃபிகேஷன் ஆரம்பத்துலயே கேட்டான், அது நல்லது, பணம் எடுக்கும்போது கேட்டு இழுத்தடிக்கறவங்கதான் தொல்லை. ஆறு தடவை பணம் எடுத்தேன், ஆறும் ரெண்டு நாளைக்குள்ள வந்துடுச்சு. டெபாசிட் லிமிட்டைக் குறைச்சா அந்த நிமிஷமே மாறுது, ஏத்தணும்னா 24 மணி நேரம் கழிச்சு திரும்ப உறுதி பண்ணச் சொல்றான். தோத்த வேகத்துல லிமிட்டை ஏத்தி சம்பளத்தை விட்டவங்களை எனக்கு நேர்ல தெரியும், அதனால அக்கவுண்ட் திறந்த அன்னிக்கே லிமிட் போடுங்க, முதல் பெட்டுக்கு முன்னாடி.

இப்ப பஞ்சாயத்து. பதினோராவது வாரம் வரைக்கும் எல்லாம் ஒழுங்கா போச்சு. நான் பெரிய ஆள் இல்ல, காலையில விலை எடுப்பேன், பல தடவை ரேஸ் ஆரம்பிக்கறப்ப அந்த விலை சின்னதாயிருக்கும், அவ்வளவுதான். ஒரு திங்கக்கிழமை பெட் போட்டா, வழக்கமா போடறதுல பத்துல ஒரு பங்குதான் எடுப்பேன்றான். மெயில் கிடையாது, மெசேஜ் கிடையாது. சாட்ல கேட்டா டிரேடிங் டீம் முடிவு, காரணம் சொல்ல முடியாதுன்னாங்க. பெஸ்ட் ஆட்ஸ் கியாரண்டியும் என் அக்கவுண்ட்ல எடுத்துட்டாங்க. மத்த சைட்டுலயும் இது நடக்கறதுதான், எனக்குத் தெரியும், ஆனா ரேஸ் தெரிஞ்சவங்களுக்காகவே ஆரம்பிச்சோம்னு முகப்புல எழுதி வச்சிருக்கற இடம் இது, ரேஸ் தெரிஞ்சு ஒருத்தன் நல்ல விலை எடுத்தா கதவைச் சாத்தறதுன்னா அப்புறம் அந்த வரி எதுக்கு? லிமிட் பண்றது உங்க உரிமைன்னா பண்ணுங்க, அதை நேரா ஒரு மெயில்ல சொல்லுங்க, கியாரண்டியை எடுத்ததையாவது நான் பெட் போடறதுக்கு முன்னாடி சொல்லுங்க. அது தெரியாம நான் போட்ட ஒரு பெட்டுல 4/1 எடுத்தேன், ஸ்டார்ட்டிங் ப்ரைஸ் 6/1, ஜெயிச்சுது, 4/1 கணக்குலதான் வந்துச்சு.

அந்த ஒரு பெட்டுக்கு மட்டும் எழுத்துல புகார் குடுத்திருக்கேன், ஸ்க்ரீன்ஷாட்டோட. எட்டு வாரத்துல தீரலன்னா வெளிய இருக்கற தகராறு தீர்ப்பு அமைப்புக்குக் கொண்டு போகலாம்னு அவங்க ரூல்ஸ்லயே இருக்கு, இப்ப மூணாவது வாரம் ஓடுது. பேலன்ஸ் எல்லாம் எடுத்துட்டேன், அக்கவுண்டை மூடல, தினமும் காலையில ரேஸ் கார்டு படிக்க அங்கதான் போறேன்.