பழைய கிளைடர் ரெக்கார்டரும் லினக்ஸும்: விர்ச்சுவல் மெஷினா, நேரடி வழியா?

கிளைடர் (இன்ஜின் இல்லா விமானம்) பறந்த பாதையைப் பதியும் பழைய ரெக்கார்டரில் இருப்பது சீரியல் போர்ட், அதாவது யுஎஸ்பிக்கு முந்தைய இணைப்பு. அதன் மென்பொருளோ விண்டோஸுக்கு மட்டும். பெங்களூரில் லினக்ஸ் மடிக்கணினியோடு திரியும் நம்மவர்களுக்கு இரண்டு வழி உண்டு.

கணினிக்குள் இன்னொரு கணினியை (விர்ச்சுவல் மெஷின்) ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் விண்டோஸை ஏற்றினால் தயாரிப்பாளரின் மென்பொருளே ஓடும். எல்லா அமைப்புகளும் கையில் இருக்கும். ஆனால் பல ஜிபி இடம் போகும், உரிமமும் வேண்டும். ரெக்கார்டரின் ஃபர்ம்வேரை (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) மட்டும் இந்த வழியில் ஏற்றாதீர்கள். யுஎஸ்பி-சீரியல் கேபிளின் இணைப்பு நடுவில் அறுந்தால் கருவியே முடங்கலாம். அதற்கு யாரிடமாவது நிஜ விண்டோஸ் கணினியைக் கடன் கேளுங்கள்.

நேரடி வழி எக்ஸ்சிசோர். கிளைடர் ஓட்டிகளுக்கான இந்தத் திறமூல நிரல் லினக்ஸிலேயே ஓடும். வோல்க்ஸ்லாகர் போன்ற சில ரெக்கார்டர்களிலிருந்து பதிவை நேராக இறக்கும். உங்கள் கருவி அதன் பட்டியலில் இல்லையென்றால் பேச்சே இல்லை, முதல் வழிதான். இருந்தால், பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப் உள்ள யுஎஸ்பி-சீரியல் கேபிள் வாங்குங்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே அதை அடையாளம் காணும். உபுண்டுவில் சீரியல் போர்ட்டைத் தொட அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் பயனரைச் சேர்க்காவிட்டால் அனுமதி மறுக்கப்படும். பாவம், திட்டு வாங்குவது கேபிள்!

எந்த வழியானாலும் இறக்கிய ஐஜிசி கோப்பை (பறப்புப் பதிவுக் கோப்பு) திருத்த வேண்டாம். கடைசியில் G எழுத்தில் தொடங்கும் வரிகள் டிஜிட்டல் கையொப்பம். இடப்பதிவில் ஓர் இலக்கம் மாறினாலும் சரிபார்ப்பில் தோற்கும், பறப்புச் சாதனைக்கான பேட்ஜுக்கு ஏற்க மாட்டார்கள். பதிவு இறக்க மட்டும் என்றால் என் ஓட்டு எக்ஸ்சிசோருக்கே.