கட் அவுட் வேலையை வெளியே கொடுக்கிறவங்க கவனிங்க: 180 படம், 10,800 ரூபாய், சுத்தி வெள்ளைப் பிசிறு

வேலூர், காட்பாடி, ஆரணி, ஆம்பூர் பக்கம் கேட்லாக், பிளக்ஸ், கல்யாண பேனர்னு டிசைன் வேலை பண்ற எல்லாருக்கும் இதை எழுதுறேன். கட் அவுட்னா படத்துல பேக்ரவுண்டை வெட்டிட்டு ஆளையோ பொருளையோ மட்டும் தனியா எடுக்கிறது. பணம் போய் பதினோரு நாள் ஆகுது. கடைசி பதில் நேத்து ராத்திரிதான் வந்தது. யாரும் இதே குழியில விழக்கூடாது. என்ன பண்ணணும்னும் கடைசியில சொல்றேன்.

வேலை இதுதான். ஆரணிப் பட்டுப் புடவை கேட்லாக், தீபாவளிக்கு. 180 படம். மாடல் புடவை கட்டி நிக்கிற படங்கள், எல்லாம் வெள்ளை பேக்ரவுண்டுல எடுத்தது, ஒவ்வொண்ணும் 4000க்கு 6000 பிக்சல். கேட்லாக் பக்கமோ அரக்கு நிறம். பேக்ரவுண்டை எடுத்துட்டு ஆளையும் புடவையையும் மட்டும் அந்த அரக்குமேல வைக்கணும். தலையில மல்லிச்சரம், முந்தானையில குஞ்சம், ஓரத்துல ஜரிகை. கட் அவுட் வேலையில கஷ்டமான மூணும் ஒரே படத்துல இருக்கு.

ஊர் ஊரா இருக்கிற டிசைனர்களை ஒரே இடத்துல சேர்த்து வேலை வாங்கித் தர்ற ஆன்லைன் தளம் ஒண்ணு. பேர் சொல்லல. அதுல ஒருத்தர், ரேட்டிங் நல்லா இருந்தது. ரெண்டு படம் சாம்பிள் கேட்டேன், காசு வாங்காம பண்ணித் தந்தார். அந்த சாம்பிளை நான் சும்மா பார்க்கல. அடியில கறுப்பு வச்சுப் பார்த்தேன், அரக்கு வச்சுப் பார்த்தேன், 300 சதவீதம் பெருசாக்கிப் பார்த்தேன். குஞ்சத்துல நூல் நூலா பிரிச்சிருந்தார். இடுப்புக்கும் கைக்கும் நடுவுல இருக்கிற சந்துகூட சுத்தமா இருந்தது. பென் டூல்ல ஓரத்தைச் சுத்தி கோடு (பாத்) போட்டு, முடிக்கு மட்டும் தனியா மாஸ்க் (படத்தை அழிக்காம மறைக்கிற திரை: அதுல வெள்ளை இருந்தா படம் தெரியும், கறுப்பு இருந்தா மறையும், சாம்பல் இருந்தா பாதி தெரியும்) பண்ணின கை வேலை அது. பார்த்தாலே தெரியும். அந்த சாம்பிளைப் பார்த்துதான் நம்பினேன். படத்துக்கு 75 ரூபாய், மொத்தத்தையும் முன்னாடியே கட்டினா 60னு சொன்னார். 180 படம், 10,800 ரூபாய். அன்னைக்கே கட்டியாச்சு.

மூணாம் நாள் ஃபைல் வந்தது. எல்லாம் பிஎன்ஜி, அதாவது பேக்ரவுண்டு இல்லாம சேமிச்ச படம். தளத்துல தெரியற முன்பார்வை வெள்ளைத் திரை. வெள்ளைமேல வெள்ளைப் பிசிறு எங்க தெரியும்? டவுன்லோடு பண்ணி அரக்குப் பக்கத்துல வச்ச பிறகுதான் தெரிஞ்சது. ஆளைச் சுத்தி, தோள்ல இருந்து கால் வரைக்கும், ஒரு வெளிறின கோடு. ப்ரூஃப் (மாதிரி பிரிண்ட்) எடுத்து கடைக்குக் கொண்டு போனா, முதலாளி ஒரு பார்வைதான் பார்த்தார்: "இன்னாபா இது, புடவைய சுத்தி கோலப்பொடி தூவன மாதிரி கீது?"

இந்தக் கோடு எங்க இருந்து வருதுன்னு தெரிஞ்சாதான் அவங்க என்ன ஏமாத்தினாங்கன்னு புரியும். போட்டோவுல ஓரத்துல இருக்கிற ஒரு பிக்சல் முழுசா புடவையும் இல்ல, முழுசா பேக்ரவுண்டும் இல்ல. ரெண்டும் கலந்தது. கம்ப்யூட்டர்ல ஒரு நிறத்தை சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு நம்பரா எழுதுவாங்க, ஒவ்வொண்ணும் 0ல இருந்து 255 வரைக்கும். புடவை அரக்கு 128, 0, 0னு வைங்க. பேக்ரவுண்டு வெள்ளை 255, 255, 255. பாதிக்குப் பாதி கலந்தா அந்த ஓரப் பிக்சல் ஏறக்குறைய 192, 128, 128. அதாவது வெளிர் ரோஸ். கட் பண்ற சாஃப்ட்வேர் அந்த பிக்சலைப் பாதி ஊடுருவக்கூடியதா ஆக்கும், ஆனா அதுல கலந்திருக்கிற வெள்ளையை எடுக்காது. அதைக் கறுப்புமேல வச்சா 64, 0, 0 வரவேண்டிய இடத்துல 96, 64, 64 வரும். அந்த சாம்பல்தான் பிசிறு. கட் அவுட்ல பாதி வேலைதான் வெட்டுறது. மீதி பாதி அந்த ஓரப் பிக்சல்ல இருந்து பழைய பேக்ரவுண்டு நிறத்தைப் பிரிச்சு எடுக்கிறது. அந்த ரெண்டாவது பாதிக்கும் சேர்த்துத்தான் 10,800 ரூபாய்.

நல்லா பண்ணின வேலையில புடவை ஓரம் மாதிரி கெட்டியான விளிம்புல இந்தக் கலப்பு ஒண்ணு ரெண்டு பிக்சலுக்கு மேல இருக்காது. இவங்க கொடுத்ததுல எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி அஞ்சு பிக்சல். முடியிலயும் அஞ்சு, ஜரிகை ஓரத்துலயும் அஞ்சு, வளையல்லயும் அஞ்சு. கையால வெட்டினா இப்படி வராது. ஒரே கிளிக்ல பேக்ரவுண்டு எடுக்கிற ஏஐ டூல் படத்தைச் சின்னதாக்கி மாஸ்க் கணக்குப் போட்டு, அதை ஆறு மடங்கு பெருசாக்கி ஒட்டும்போதுதான் இப்படி வரும். சாம்பிள் ரெண்டையும் கையால பண்ணிட்டு, 180 படத்தையும் மெஷின்ல தள்ளிட்டாங்க.

அஞ்சு பிக்சல்தானேன்னு யாரும் நினைக்காதீங்க. 6000 பிக்சல் உயரப் படம் ஏ4 பக்கம் முழுக்க வந்தா அஞ்சு பிக்சல்ங்கறது கால் மில்லிமீட்டர். அரக்குமேல கால் மில்லிமீட்டர் வெளிர் கோடு கண்ணைக் குத்தும். அதே படம் கடை வாசல்ல பத்தடி உயர பிளக்ஸ் ஆனா ஒரு பிக்சலே அரை மில்லிமீட்டர், பிசிறு ரெண்டரை மில்லிமீட்டர். ரோட்டுல போறவனுக்கே ஆளை வெட்டி ஒட்டினது தெரியும்.

இதையெல்லாம் சொல்லி அவருக்கு எழுதினேன். முதல் பதில்: "ப்ரோ, வெள்ளைல வச்சுப் பாருங்க, பர்ஃபெக்டா இருக்கு." அரக்குப் பக்கம்னு வேலை கொடுக்கும்போதே எழுதிக் கொடுத்திருக்கேன்.

ரெண்டாவது பதில்: என் மானிட்டர் கேலிப்ரேஷன் சரியில்லையாம். மானிட்டர் எப்படி இருந்தாலும் ஐட்ராப்பர் (ஒரு பிக்சலோட நிற நம்பரைக் காட்டுற டூல்) வச்சா நம்பர் ஒண்ணுதான். ஓரத்துல ஐட்ராப்பர் வச்சு எடுத்த பத்து ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினேன். பதில் இல்ல. அடுத்த நாள் திரும்பக் கேட்டதும், ஒரு ரிவிஷன் ஃப்ரீயா தர்றேன்னார்.

அந்த ரிவிஷன்தான் எனக்கு ரொம்பக் கோவம் வந்த இடம். பிசிறை எடுக்காம, 180 படத்தையும் ஒரே ஆக்‌ஷன்ல போட்டு சுத்தி மூணு பிக்சல் சுருக்கிட்டாங்க. கோடு மெலிஞ்சது, ஆனா போகல. அதோட குஞ்சத்துல பாதி நூல் காணாம போச்சு. மல்லிச்சரத்துல ஓரப் பூவெல்லாம் கடிச்ச மாதிரி. ஜரிகையில கடைசி இழை வெட்டுப்பட்டிருக்கு. பட்டுப் புடவை விக்கிறவங்களுக்கு அந்தக் கடைசி இழை எவ்வளவு முக்கியம்னு ஆரணியில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. நாள்கணக்கா கண்ணைக் கொடுத்து தறியில உட்கார்ந்தவங்க கரையை ஒரு கிளிக்ல சீவித் தள்ளிட்டாங்க.

பிறகு தளத்தோட உதவிப் பிரிவு. ஃபைல் கொடுத்து மூணு நாள்ல நாம ஆட்சேபம் சொல்லலேன்னா வேலை ஏத்துக்கிட்டதா கணக்காம், பணம் தானா அவர் கணக்குக்குப் போயிடுமாம். அந்த மூணு நாளும் சாட்ல அவரோட பேசிட்டு இருந்தது ஆட்சேபம் ஆகாதாம், தனியா இருக்கிற ஒரு பட்டனை அமுக்கணுமாம். ரிவிஷன் வந்தது அந்த மூணு நாள்ல கடைசி நாள் ராத்திரி. வேணும்னே அவ்வளவு நேரம் இழுத்திருக்காங்க. நாலு தடவை எழுதினேன், நாலு தடவையும் ஒரே வாசகம் ஒட்டி அனுப்பினாங்க. நேத்து "உங்கள் கோரிக்கை முடிக்கப்பட்டது"ன்னு மூடிட்டாங்க. 10,800 ரூபாய் முடிஞ்சது.

அந்த ஃபைலைச் சரிபண்ணி உபயோகப்படுத்த முடியுமான்னு நிறைய பேர் கேட்டாங்க. முடியாது. மாஸ்க் இல்லாத பிஎன்ஜி, மேல மூணு பிக்சல் வெட்டு வேற. ஒரிஜினல் போட்டோவுல இருந்துதான் ஆரம்பிக்கணும். இப்போ 180 படமும் இங்கேயே ஃபோட்டோஷாப்புல பண்ணிட்டு இருக்கோம். எப்படிப் பண்றோம்னும் சொல்றேன், யாருக்காவது உதவும்.

புடவை ஓரம், கை, கால் எல்லாம் பென் டூல். பாத் விளிம்புமேல போகக்கூடாது, ஒரு பிக்சல் உள்ளே போகணும். செலக்‌ஷன் எடுக்கும்போது ஃபெதர் (ஓரத்தை மிருதுவாக்குறது) அரை பிக்சல் போதும். முடிக்கு மட்டும் செலக்ட் அண்ட் மாஸ்க், ரிஃபைன் எட்ஜ் பிரஷ். மாஸ்க்காவே வைங்க, படத்தை அழிக்காதீங்க. கோடு இன்னும் தெரிஞ்சா மாஸ்க்கை மட்டும் கிளிக் பண்ணி, ஃபில்டர், அதர், மினிமம், அரை பிக்சல்ல இருந்து ஒண்ணு வரைக்கும், ரவுண்ட்னஸ்ல வச்சு. இல்லேன்னா மாஸ்க்மேல கண்ட்ரோல் எல் (லெவல்ஸ்), கறுப்பு ஸ்லைடரை 60, 70க்கு நகர்த்துங்க, வெளி ஓரத்துச் சாம்பல் மட்டும் மறையும். கெட்டியான இடத்துக்கு மட்டும்தான் இது. குஞ்சத்துலயும் முடியிலயும் பண்ணினா நூலே போயிடும்.

டீஃப்ரிஞ்ச் கமாண்டை எல்லாத்துக்கும் போடாதீங்க. அது ஓரப் பிக்சலை உள்ளே இருக்கிற நிறத்தால மாத்தும். புடவை உடம்புக்கு ஒரு பிக்சல் போட்டா அருமையா வரும். ஆனா குஞ்சத்து நூல் மொத்தமே ரெண்டு மூணு பிக்சல், அதுக்கு "உள்ளே"ன்னு ஒண்ணு கிடையாது. மல்லிப்பூவுல போட்டா பக்கத்துக் கறுப்பு முடி நிறம் பூவுக்குள்ள ஏறி அழுக்குப் பூவாகும். மாஸ்க் இருக்கிற லேயர்ல (படத்தோட ஒரு அடுக்கு) அது வேலையும் செய்யாது, முதல்ல லேயரை நகல் எடுத்து மாஸ்க்கை அப்ளை பண்ணணும்.

ரிமூவ் ஒயிட் மேட் நல்ல கமாண்ட், கலந்த வெள்ளையைக் கணக்குப் போட்டுக் கழிக்கும். ஆனா பேக்ரவுண்டு சுத்த வெள்ளையா இருந்தா மட்டும். நம்ம ஸ்டுடியோ படங்கள்ல தலைப்பக்கம் 255 இருக்கும், கால்பக்கம் நிழல் விழுந்து 225, 230ன்னு இறங்கும். அங்க 255ன்னு கழிச்சா ரொம்பக் கழிஞ்சு, வெள்ளைக் கோடு போய் கறுப்புக் கோடு வரும். கால்பக்கத்தைக் கையாலதான் பண்ணணும்: மேல ஒரு புது லேயர், ஆல்ட் கண்ட்ரோல் ஜி போட்டு கிளிப் பண்ணி, பக்கத்துப் புடவை நிறத்தை எடுத்து சின்ன பிரஷ்ல ஓரத்துல ஓட்டணும். லேயர் மோட் டார்க்கன் அல்லது மல்டிப்ளை. கலர் மோட்ல வச்சா நிறம் மட்டும் மாறும், வெளிச்சம் மாறாது. வெள்ளைக் கோடு ரோஸ் கோடாகும், அவ்வளவுதான்.

ஒண்ணு மட்டும் எந்த கமாண்டுக்கும் வசப்படாது. பின்னாடி இருக்கிற வெள்ளைத் திரையில பட்ட வெளிச்சம் பொருள்மேல திரும்பி அடிக்கிறது. ஜரிகையிலயும், ஆம்பூர் ஷூ படங்கள்ல பாலிஷ் போட்ட தோலிலயும் இது வரும். ஓரத்துல இருந்து பத்து இருபது பிக்சல் உள்ளே வரைக்கும் வெளுப்பு இருக்கும். அது பிசிறு இல்ல, பொருள்மேலயே விழுந்த வெளிச்சம். ஷூட் எடுக்கும்போதே பொருளைப் பின்பக்கத் திரையில இருந்து ரெண்டு மூணு அடி முன்னாடி தள்ளி வச்சாதான் குறையும். போட்டோவை வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பி வாங்காதீங்க, டாக்குமென்ட்டா வாங்குங்க. அமுக்கின ஜேபெக்ல நிறம் பாதி அளவுலதான் சேமிக்கப்படும். சிவப்புப் புடவை ஓரத்துல சிவப்பு வெளியே ஊறி நிக்கும், எந்த மாஸ்க்கும் அதை ஒழுங்கா வெட்டாது.

கடைசியில சொல்றேன்னு சொன்ன எச்சரிக்கை இதுதான். அவசரமா எழுதுறேன், இன்னும் 112 படம் பாக்கி.

முழுப் பணம் முன்னாடி கட்டாதீங்க. இருபது இருபதா பிரிச்சு வேலை கொடுங்க. சாம்பிளுக்கு எந்தப் படம்னு அவங்களைத் தேர்ந்தெடுக்க விடாதீங்க, நீங்களே இருக்கிறதுல கஷ்டமானதைக் கொடுங்க. அப்படியும் ஏமாத்துவாங்க, என்னை ஏமாத்தினது கஷ்டமான படத்துலதான். அதனால ஒவ்வொரு கட்டுலயும் அஞ்சு படத்தைத் திறந்து பாருங்க.

பிஎன்ஜி மட்டும் வாங்காதீங்க. மாஸ்க்கும் பாத்தும் இருக்கிற பிஎஸ்டி (ஃபோட்டோஷாப் ஃபைல்) கேளுங்க. மாஸ்க்கை ஆல்ட் கிளிக் பண்ணி 400 சதவீதத்துல பாருங்க. புடவை ஓரத்துல சாம்பல் ரெண்டு பிக்சலைத் தாண்டினா அங்கேயே நிறுத்துங்க. அடியில கறுப்பு, அரக்கு, பளிச்சுனு ஒரு பச்சை, மூணும் வச்சுப் பாருங்க.

தளத்துல ஆட்சேப பட்டன் எங்க இருக்குன்னு பணம் கட்டுறதுக்கு முன்னாடியே கண்டுபிடிங்க. சாட்ல பேசிட்டே இருந்தா நாள் ஓடிடும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் பதிஞ்சிருக்கேன். சாட், ஸ்க்ரீன்ஷாட், பணம் கட்டின ரசீது எல்லாம் பத்திரமா இருக்கு. 10,800 ரூபாய்ல ஒரு ரூபாய் திரும்பி வந்தாலும் இங்கேயே வந்து எழுதுறேன்.